மண்கால்

அக்கா சாமிக்கு வைத்த மண்கால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முழங்கால் வரைக்குமான கால், சூளையில் ஒரு பக்கம் கருகிப்போனது. வெள்ளைக்காரன் காலம் அது, கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குக் கால் மரத்து ஒரு கண் மங்கியபோது குணமானால் மண்ணில் கால் செய்து வைப்பதாக அவள் புருஷன், என் மாமா, வேண்டிக்கொண்டார். சில வாரங்களில் எழுந்து நடந்தாள். அடிவாரத்துக் குயவரிடம் வாங்கிய மண்காலை அவளே சுமந்து போய்க் கோயில் மரத்தடியில் வைத்தாள். சாமி கொடுத்த கால் என்று ஊரே சொன்னது. அந்தப் பேச்சுதான் பின்னால் அவளுக்கு வினையாக வந்தது.

அடுத்த சாமை அறுப்பில் களத்திலேயே விழுந்தாள். மறுநாளுக்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையில் சொம்பு நிற்கவில்லை, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. துணைக்குப் போயிருந்த நான், டோலி கட்டி முள்ளுக்குறிச்சி வைத்தியரிடம் தூக்கிப் போகச் சொல்லி அழுதேன். யார் கேட்டார்கள்? கொடுத்த காலைச் சாமி ஏன் பறித்தது என்பதுதான் அவர்கள் கவலை. "என்ன தப்புப் பண்ணினே, சொல்லு" என்று மாமாவும் அவர் அம்மாவும் படுக்கையருகே உட்கார்ந்து குடைந்தார்கள். ஒப்புக்கொண்டால் பரிகாரம் செய்யலாம், இல்லாவிட்டால் தாய்வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார் பூசாரி. அவளுக்குப் பால்குடி மாறாத பையன். புதுச்சாமையைச் சாமிக்குப் படைக்காமல் மலையில் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "படைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் தின்னுட்டேனுங்க" என்றாள், நாக்குக் குழற. எல்லோரும் வெளியே போனதும் என்னிடம் சொன்னாள்: "நான் எதையும் திங்கல கண்ணு. எம்பையன் எங்கிட்ட இருக்கோணும்."

ஆடு வெட்டிப் பரிகாரம் செய்தார்கள். பாழாய்ப்போன நோய் அப்போது பார்த்துக் கொஞ்சம் தணிந்தது. கண் தெளிந்தது, சுவரைப் பிடித்து நின்றாள். நிற்காமலே இருந்திருக்கலாம். "அவ தின்னது நெசந்தான், இல்லீன்னா சாமி மனசு எறங்கியிருக்குமா?" என்றார் மாமியார். அவள் கை பட்டால் தானியம் விளங்காது என்று, பையனை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் மறுபடி வந்த நோய் தணியவே இல்லை. பையனைக் கேட்டுக் கேட்டே செத்தாள்.

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயாக இருந்திருக்கும், திடீரென்று முற்றும், சிலருக்குத் தானாகவே தணியும் என்றார். தானாகவே. அந்த வார்த்தையை அக்கா மகனிடம் சொல்லத்தான் போன மாதம் பஸ் ஏறி மலைக்குப் போனேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். மரத்தடியில் புது மண்கால்களுக்குப் பின்னால், தனியாக, அந்தக் கருகிய கால் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன்.

"அதத் தொடாதீங்க சின்னம்மா" என்றான். "சாமிக்கு முன்னாடி தின்னவ வெச்சதுங்க."