மணியக்கா எழுப்பாமல் விட்ட உறுப்பினர்

நாடாளுமன்றத்தின் பழைய கட்டடத்தில் மாடியேறி இடப்பக்கம் திரும்பினால், தாழ்வாரக் கடைசியில் ஓர் அறை, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கலந்த ஒரு குழு கூடும் இடம். அந்த அறைக் கதவைத் திறந்து சாத்தியே மணியக்கா பாதி ஆயுளைக் கழித்தாள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. கூட்டம் தொடங்கும் முன் கைமணியை ஆட்டிக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடப்பது அவள் வேலை, அதில் ஒட்டிக்கொண்ட பேர் இது. மின்சார மணி வந்த பிறகும் அவள் நடையை யாரும் நிறுத்தவில்லை. மின்சார மணிச் சத்தம் கேன்டீன் வரைக்கும் போகாது. கூப்பிட வேண்டியவர்கள் இருப்பதோ கேன்டீனில்.

அவள் புருஷன் இதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினவன். அவன் போன பிறகு இரக்கப்பட்டு அவளுக்கு இந்தக் கதவைக் கொடுத்தார்கள். வந்த புதிதில் ஒருநாள் பெரிய சபையை எட்டிப் பார்த்தவள் மிரண்டே போனாள். ஒருவர் பேச, நாலு பேர் எழுந்து கத்த, மேசை அதிர்கிறது. ராத்திரி தங்கச்சியிடம், "இவங்களை நம்பியாடி நாடு இருக்கு?" என்று புலம்பினாள்.

பிறகு இந்த அறையைப் பார்த்தாள். அங்கே தொண்டை கிழியக் கத்தின அதே ஆட்கள் இங்கே சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரே தட்டு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, "அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்று பேசினார்கள். வாசலில் நின்று சண்டை போடுகிற குடும்பம் அடுக்களைக்குள் வந்தால் குரல் இறங்கும், உள்ளது வெளியே வரும். குழு என்பதும் அப்படித்தான். வாசல் சத்தத்தை வைத்து வீட்டை எடை போடக்கூடாது. இதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

பிற்பகல் ஆனால் உயரமான ஜன்னல் வழியாக வெயில் இறங்கி நீள மேசையின் மேல் பூனை மாதிரிப் படுத்துக்கொள்ளும். மின்விசிறி சுற்றும். உள்ளே பேச்சு கதவிடுக்கு வழியாகக் கசிந்து வரும். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மணியக்காவுக்கு ஆற்றங்கரையில் இருப்பது போலவே தோன்றும். கண் சொக்கும். தூங்கமாட்டாள். அந்த அறையில் தூங்குகிறவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர் அவர். எல்லாரும் அவரைக் கொட்டாவியார் என்பார்கள், அவர் எதிரிலேயே. சாப்பாடு முடிந்ததும் அறையின் மூலையில் திரைக்குப் பின்னால் கிடக்கும் சோபாவில் சாய்ந்துவிடுவார். கூட்டத்துக்கு முன் அவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பதும் மணியக்கா வேலைதான். தண்ணீர் டம்ளரை முக்காலியில் டக்கென்று வைப்பாள். "வந்துட்டேன் தாயி" என்று ஒரு கண்ணை மட்டும் திறப்பார்.

அந்த வருஷம் குழு எடுத்துக்கொண்டது ஆற்றுப் படகுகளை.

மணியக்காவின் தங்கச்சி அக்கரையில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். போக வர அந்தப் பழைய படகுதான். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி உடைந்து போய் யுகமாகிறது. போன மழைக்காலத்தில் படகு சாய்ந்தபோது அவள் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கே போய்விட்டாள். யாரோ பின்னலைப் பிடித்து இழுத்ததால் வீடு வந்து சேர்ந்தாள். செருப்பு மட்டும் ஆற்றோடு போனது. அதிலிருந்து, வேலை முடிந்து எவ்வளவு களைத்து வந்தாலும் படகில் கண்ணை மூடமாட்டாள். மூடினால் பின்னல் இழுபடுவது போலிருக்கும் என்பாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கச்சி வருகிற வரை மணியக்காவுக்குச் சோறு இறங்காது.

"அக்கா, உங்க குழு பேசிப் பேசியே ஆறு வத்திடும். அப்புறம் நான் நடந்தே வந்துடுவேன்" என்று தங்கச்சி கேலி பண்ணுவாள்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. பேசுனாத்தான் எதுவும் நடக்கும்."

பேசத்தான் செய்தார்கள். படகுக்காரரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, அடிப்பலகை ஊறிப்போனதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். துறை அதிகாரியும் வந்தார். எல்லாப் படகும் சோதித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்று வழவழவென்று பேசினார். எல்லாரும் தலையாட்டும் நேரத்தில் கொட்டாவியார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, நீங்க அந்தப் படகுல ஏறியிருக்கீங்களா?"

"நான்... பாலம் சுத்தி கார்ல போறதுங்க ஐயா."

"நல்லது. கார்ல நீச்சல் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். எதிர்க்கட்சிக்காரர்கள் உட்பட மேசையே சிரித்தது. அதிகாரி அதற்குப் பிறகுதான் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார். இதைப் பெரிய சபையில் கேட்டிருந்தால் அமளிதான் நடந்திருக்கும்.

அறிக்கை தயாரானது. அதைக் குழு கூடி ஏற்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஆனால் தேர்தல் வந்துவிட்டது. மறுநாள் சபை கலைகிறது. கலைந்தால் ஏற்காத அறிக்கையெல்லாம் செத்த அறிக்கை. ஓட்டுக் கேட்கப் போகும் நேரத்தில் படகு ஓட்டை என்று ஊர் பேசுவதை அமைச்சர் விரும்பவில்லை. அதனால் ஆளுங்கட்சிக் கொறடா, கட்சிக்காரர்கள் வாலாட்டாமல் பார்த்துக்கொள்கிறவர், ஒரே வார்த்தைதான் சொன்னார்: யாரும் போகாதீங்க. ஐந்து பேர் இல்லாமல் கூட்டம் கூடாது. எதிர்க்கட்சியில் குழுவின் தலைவரம்மாவையும் சேர்த்து நாலே பேர்.

மணியக்கா கைமணியை எடுத்தாள். அன்றைக்கு ஆட்டின ஆட்டில் புறாக்கள் பறந்தன. சத்தம் தாழ்வாரத்தில் போய்த் தூணில் இடித்துத் திரும்பி வந்தது. தண்ணீருக்கடியில் நடப்பது போல அவளுக்குக் கால் கனத்தது. கேன்டீனில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் டீக் கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார்கள்.

"மணியக்கா, காது கேக்கல!" என்றார் ஒருவர்.

"கேக்காமலா பதில் சொல்றீங்க?"

சிரித்தார்கள். எழுந்திருக்கவில்லை.

வெறும் கையோடு திரும்பி, வழக்கம்போலத் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். சோபாவில் கொட்டாவியார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சில் கோர்த்த கை, மூச்சுக்கேற்ப படகு போல ஏறி இறங்கியது.

டம்ளரை வைத்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் கட்சிச் சொல் ஞாபகம் வந்து போய்விடுவார். வைக்காவிட்டால், சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று நாளைக்கு இந்தக் கதவே அவளுக்கு இல்லாமல் போகலாம். அவள் அப்படியே நின்றாள். திரைத்துணி வெயிலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் பின்னல் நினைவுக்கு வந்தது.

டம்ளரைத் தூக்கி, தண்ணீரைத் தானே குடித்தாள். பிறகு திரையை ஓசைப்படாமல் விலக்கினாள்.

"அம்மா, அஞ்சாவது ஆள் இருக்கார்" என்றாள், மேசையில் காத்திருந்த தலைவரம்மாவிடம்.

குழுச் செயலாளர் எட்டிப் பார்த்து விழித்தார். "தூங்குறாரேம்மா!"

"பெரிய சபையில தூங்குறவங்களைக் கணக்குல சேக்குறதில்லையா? எழுதுங்க, அஞ்சு பேர்" என்றார் தலைவரம்மா. "மணி, கதவைச் சாத்து."

சாத்தின கதவுக்கு வெளியே அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கொறடா மூச்சு வாங்க வந்தார்.

"எங்க ஆளு உள்ள இருக்காரா?"

"இருக்காரு. தூங்குறாருங்க."

"எழுப்பி வெளிய அனுப்பு."

"கூட்டம் ஆரம்பிச்சாச்சு. குழு உறுப்பினர் இல்லாதவங்க உள்ள போகக்கூடாதுங்க. நானும் போகக்கூடாது, நீங்களும் போகக்கூடாது."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியாமலா? உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அவர் பல்லைக் கடித்தார். உள்ளே தலைவரம்மாவின் குரல் நிதானமாக ஒவ்வொன்றாய்ப் படித்தது: புதுப் படகு, மிதவை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

அறை அமைதியானது. அந்த அமைதியில் நீளமாக ஒரு குறட்டை கேட்டது.

"ஆட்சேபணை இல்லை. ஏற்கப்பட்டது."

எல்லாரும் போன பிறகு கொட்டாவியார் எழுந்தார். "என் தண்ணி எங்க தாயி?"

"நான் குடிச்சிட்டேங்க."

அவளையே பார்த்தார், ஒரு கண்ணால். "தாகத்துக்குக் குடிச்சா தப்பில்ல" என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தத் தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தூங்கினாரா, நடித்தாரா என்று மணியக்கா கடைசி வரை அவரிடம் கேட்கவில்லை. அவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொறடாவுக்குத் தொகுதியைப் பார்க்கவே நேரமில்லை.

அறிக்கை வந்ததும் ஆறு தங்கமாகிவிடவில்லை. குழு சொல்லத்தான் முடியும், செய்ய வேண்டியது அரசாங்கம். புது அரசாங்கம் "பரிசீலிக்கிறோம்" என்றது. புதுக் குழு வந்து, போன குழு சொன்னது என்ன ஆச்சு என்று கேட்டது. மறுபடி கேட்டது. நச்சரிக்கிற மருமகள் போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. புதுப் படகு வரவில்லை. மிதவை வரவில்லை. ஒருநாள் கம்பி மட்டும் வந்தது.

"ஒரு கம்பிக்கா இத்தனை கூத்து?" என்றாள் தங்கச்சி.

"ஆமா. அந்தக் கூத்து இல்லன்னா அந்தக் கம்பியும் இல்ல."

ஒரு விடுமுறை நாளில் மணியக்கா அக்கரைக்குப் போய் வேலை முடிந்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு படகேறினாள். ஆற்றின் மேல் மஞ்சள் வெளிச்சம் மிதந்தது. புதுக் கம்பி பெயின்ட் வாசனை போகாமல் குளுகுளுவென்று இருந்தது. தங்கச்சி முழங்கையை அதில் கோர்த்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு குழைந்தது, நின்றது. திரும்பிப் பார்த்தால், நின்றபடியே தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கரை நெருங்கியது. படகுக்காரர் மணியடிக்கக் கயிற்றைப் பிடித்தார். மணியக்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.