வாசலுக்கு வெளியே நின்று வேண்டினேன்

அம்மன் பிள்ளைகளே, இதை வாய் திறந்து சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி பாகூர் பக்கத்தில் இருக்கும் சோரியாங்குப்பத்துக்கு வந்தேன். நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. தலைப்பிரசவம் வீட்டிலேயே நடந்தது. வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. நாள் கணக்கில் துடித்தேன். கடைசியில் பிறந்த பெண் குழந்தைக்கு மூச்சு இல்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் எனக்கு மூத்திரம் நிற்காமல் போனது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் தானாக வழிந்துகொண்டே இருந்தது.

பழைய புடவையைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டேன். தொடையெல்லாம் புண். நாற்றம் எனக்கே தெரியும். மாமியார் திட்டவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பாயைப் போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். சாமி குத்தம் என்று ஊரில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த உடம்போடு கோயிலுக்குள் எப்படிப் போவது? ஆடி மாதம் எல்லாரும் கூழ் எடுத்துக்கொண்டு உள்ளே போக, நான் தெருமுனையில் நின்று கும்பிட்டேன். "தாயே, இத நிறுத்து. இல்லன்னா என்ன எடுத்துக்க." தினமும் இதே வேண்டுதல்தான். அவள் காதில் விழவே இல்லை என்று நினைத்தேன்.

பெண்கள் துவைக்கிற துறைக்கு நான் போவதில்லை. வாய்க்காலில் தள்ளிப் போய்த்தான் துணி அலசுவேன். ஒருநாள், ஊசி போட ஊருக்கு வரும் நர்ஸ் ஸ்டெல்லாம்மா கரைமேல் நடந்து வந்தார். துணிக் குவியலைப் பார்த்துச் சிரித்தார்.

"கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?"

எனக்கு அழுகை வெடித்தது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவர் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி குத்தம்னு சொல்றாங்கம்மா," என்றேன்.

"இன்னா குத்தம்? புள்ள வெளிய வராம ரொம்ப நேரம் அழுத்துனதுல உள்ள ஓட்டை விழுந்திருக்கு. தைக்கலாம்."

"தைக்க முடியுமா?"

"ஆஸ்பத்திரிக்கு வா. ஒங்க சாமிய நீ வேண்டிக்க, நானும் எங்க சாமிகிட்ட சொல்றேன். ஆனா பஸ் ஏறணும்."

அவரே வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

பாகூரில் பஸ் ஏறினோம். சீட் நனைந்துவிடும் என்று நான் உட்காரவில்லை. "எடம் இருக்குதே, குந்தும்மா," என்று கண்டக்டர் சத்தம் போட, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து சீட்டில் போட்டார்.

"குந்து. நனைஞ்சா நனையட்டும்."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். மூத்திரம் போக வைத்திருந்த குழாயை எடுத்ததும் மறுபடி கசிந்தது. அன்று அம்மனை வாயில் வந்தபடி ஏசினேன். அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அதைக் கேட்டும் கோபிக்கவில்லை. "புண்ணு ஆறட்டும், இன்னொரு தடவ பாக்கலாம்," என்றார். இரண்டாவது முறை தியேட்டருக்குப் போகும்போது எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா கைக்கு மட்டும் பலம் கொடு என்று வேண்டினேன்.

இந்தத் தடவை குழாயை எடுத்த மறுநாள், விடிந்ததும் படுக்கையைத் தடவிப் பார்த்தேன். நம்பாமல் திரும்பத் திரும்பத் தடவினேன். காய்ந்திருந்தது.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வயிற்றைக் கீறி ஒரு மகனைப் பெற்றேன். மாமியார்தான் அவனைக் குளிப்பாட்டி வளர்த்தார்.

தாய் எனக்குப் பதில் சொல்லாமல் இல்லை. வேறு சாமியைக் கும்பிடுகிற ஒருத்தியை வாய்க்கால் கரைக்கு அனுப்பிச் சொன்னாள். நான்தான் வெட்கத்தில் துணியை மறைத்து மறைத்து தாய்க்கு வழி விடாமல் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜையில் இதை முதன்முதலாகச் சொன்னேன். எல்லாரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் தூணோரம் நின்றாள். கிட்டே போனேன்.

"அக்கா, எனக்கும் அதே மாதிரிதான்," என்றாள்.

திங்கட்கிழமை அவளோடு பஸ் ஏறுகிறேன். உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத நோவு இருந்தால், தாயை நம்பி வாயைத் திறங்கள். பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.