கழுத்தில் தொங்கிய கட்டர்

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் விஜயராணி, பதினெட்டு வருடமாக நூல் வெட்டும் சின்னக் கட்டரைக் கழுத்தில் மாட்டியபடியேதான் வீடு திரும்புவாள். பயம் வந்தால் விரல்கள் தானாக அதை அழுத்தும், டிக், டிக்.

ஒரு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நாய்கள் காப்பகத்துக் கீர்த்தனா கிழட்டு நாய் கருப்பனைக் கொண்டுவந்தாள். "ரெண்டு ஊட்டுல கடிச்சு, திருப்பி உட்டுட்டாங்க அக்கா. நீங்களும் வேண்டாம்னுட்டா இவனுக்கு வேற ஊடே இல்லீங்க."

அவள் போனதும் கருப்பன் பல்லைக் காட்டி உறுமினான். விஜயராணியின் விரல்கள் கட்டரை அழுத்தின. டிக், டிக். அவன் பாய்ந்து சேலையைக் கவ்வினான். பயத்தில் அவள் விரல் உறைந்து, டிக் சத்தம் நின்றது. உடனே அவனும் விட்டுவிட்டான். அப்போதுதான் அவன் காதில் பழைய வெட்டுத் தழும்பைக் கண்டாள்.

"எனக்கும் பயம்தாம்ல," என்று கட்டரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்தாள்.

ஆறு மாதமாகிறது. கட்டர் கம்பெனியிலேயே கிடக்கிறது. கருப்பன் இன்னும் உறுமுகிறான். அவளும் இன்னும் பயப்படுகிறாள். திருப்பி விடவில்லை.