பேச்சு நின்றால் நிற்க வேண்டும்

நார்வேயில் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்குப் பால்பண்ணைக்காரர் எம்ப்ரிக்குக்கு மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளை கப்பலோடு போனவன், திரும்பவில்லை. மூத்தவன் குட்முன், கடைக்குட்டி தூர்போர்க். அவளுடைய இரண்டு கண்களையும் முப்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோய் வாங்கிக்கொண்டது. மறு பனிக்காலமே அண்ணன் அவளைப் பனிச்சறுக்குப் பலகையில் ஏற்றினான். இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று.

பனியில் அருகருகே இரண்டு தடம் வெட்டியிருக்கும். ஒன்றில் அவள், ஒன்றில் அவன். மேடு, பள்ளம், வளைவு எல்லாம் அவளுக்கு அவன் வாய்ச்சொல்தான். பேச்சு நின்றால் அவள் நிற்க வேண்டும், அதுதான் கட்டுப்பாடு.

இந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேட்டில் நான்கு தரம் நின்றாள்.

"என்னண்ணே, கொண்டுவந்த ஆரஞ்சை முழுசா வாயில அடக்கிக்கிட்டியா?"

"மூச்சு வாங்குதுடி. அறுபத்தெட்டு வயசு."

அவனுக்கு மூச்சு போதவில்லை என்று போன இலையுதிர் காலத்திலேயே அவளுக்குத் தெரியும். பனிச்சறுக்குச் சங்கத்துச் சோல்ஃப்ரித், தான் வழிகாட்ட வருவதாக இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஆனால் அண்ணி போய்ச்சேர்ந்த பிறகு அண்ணனுக்கென்று இருப்பது இந்த ஞாயிறு ஒன்றுதான். எப்படி வாயைத் திறப்பது என்று தள்ளிப்போட்டே வந்தாள்.

உச்சி தாண்டினால் செங்குத்தான இறக்கம். அங்கே தடம் வெட்டமாட்டார்கள். தடம் முடியுமுன் அவன் குரல் கொடுக்க வேண்டும். "இறக்கம்" என்றான். அடுத்த சொல்லுக்கு மூச்சு வரவில்லை. பேச்சு நின்றது அவளுக்கும் கேட்டது. இறக்கத்தில் எங்கே நிற்பது? பலகை விலகி, பக்கத்துப் புதரில் போய் விழுந்தாள்.

அவன் வந்து சேர நேரமாயிற்று.

"அடிபட்டுச்சா?"

"இடுப்புதான். நீ முதல்ல உக்காரு."

பனியிலேயே உட்கார்ந்தார்கள். அவன் இரைப்பு அடங்கும்வரை பொறுத்தாள்.

"அண்ணே, அடுத்த வாரம் சோல்ஃப்ரித்த வரச் சொல்லப்போறேன்."

அவன் அவள் முதுகில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான்.

"ஓயாம பேசுவாளே அவ. உன் காது போயிரும்."

"அதுக்குத்தான் கூப்புடறேன்."

அவன் மேலே மாட்டியிருந்த, 'வழிகாட்டி' என்று எழுதிய சட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தான்.

"துவைச்சுக் குடுண்ணே. உன் வேர்வையோட அவளுக்கு எப்படிக் குடுக்கறது?"

"சரி" என்று திரும்ப எடுத்துக்கொண்டான்.

பலகைகளைத் தோளில் போட்டு, அவன் முழங்கையை அவள் பிடித்துக்கொள்ள, நடந்தார்கள். கீழே போக இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.