தெருக்குத்து வீட்டுக்கு ஒரு விலை

இப்போது நான் குடியிருக்கும் வீட்டை ஒரு பொய் சொல்லித்தான் விலை குறைத்து வாங்கினேன். அப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. வேதியியலில் முதுகலை படித்தவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மணவாள நகரில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு தெரு தள்ளி அந்த வீடு விற்பனைக்கு வந்தது. எதிரே ஒரு தெரு நேராக வந்து அதன் வாசலில் முடியும். கதவைத் திறந்ததும் எங்களுக்கு முன்னால் காற்று உள்ளே போனது. மின்வெட்டு நேரம், ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் சுவரில் காலண்டர் படபடத்துக்கொண்டிருந்தது. என் மனைவி என் கையைக் கிள்ளினாள். புரோக்கர் முன்னால் ஆசையைக் காட்டக் கூடாது என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்தான். அடுத்த நிமிடம் சமையல் மேடையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் அத்திப்பட்டில் ஒப்பந்த வேலை பார்த்தவர். முந்தைய வருடம் சாலையோர மணலில் பைக் சறுக்கி விழுந்து, காலில் கம்பி வைத்திருந்தார்கள். ரயில் மாறி மாறி வேலைக்குப் போய்வர முடியவில்லை. அந்தப் பக்கமே குடிபோவதற்காக விற்கிறார்கள். மனையைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி.

"எத்தினி மனை காட்னாங்க சார். நான்தான் இத்தப் புடிச்சேன். வந்து நின்னதும் காத்து மூஞ்சில அடிச்சுது. இதான்னுட்டேன்" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்.

பதினெட்டு லட்சம் கேட்டார்கள். எவ்வளவுக்குக் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்த அந்த ஒரு வாரம், வீட்டில் கல்யாணம் வைத்தது போல இருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். "பன்னெண்டுன்னு சொல்லு, மூஞ்சியப் பாரு, அப்பறம் மெதுவா ஏறு" என்றார் ஒருவர். "பன்னெண்டா? நாய வுட்டுத் தொரத்துவான்" என்றார் பின் சீட்டுக்காரர். பதினாலில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். கடனும் நகையும் சேர்த்தால் பதினேழரை வரை எங்களால் முடியும்.

"பதினேழுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. எவனாச்சும் தூக்கிக்கினு போயிடப் போறான்" என்றாள் மனைவி. அதற்குள் அவள் துணி காயப்போடும் கொடியை எந்த மூலையில் கட்டுவது என்பது வரை தீர்மானித்திருந்தாள்.

பேச்சுவார்த்தை அன்று நான் பதினாலு சொன்னேன். தேநீர் வந்தது. பதினாலரை என்றேன். அவர்கள் பதினேழுக்கு இறங்கினார்கள். அங்கே முடித்திருக்கலாம், எங்கள் கைக்கு எட்டிய விலைதான் அது. ஆனால் ஒரு லட்சத்தை வெறும் பேச்சால் குறைத்துவிட்டேன் என்ற குஷி தலைக்கு ஏறியிருந்தது. இன்னும் குறைக்க முடியும் என்று தோன்றியது. எப்படி என்பதும் தோன்றியது.

ஒரு தெரு நேராக வந்து வாசலில் முட்டினால் அதைத் தெருக்குத்து என்பார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது.

"நேற்று எங்களுக்குத் தெரிந்த வாஸ்துக்காரர் ஒருவர் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். கடுமையான தெருக்குத்தாம். வீட்டு ஆம்பளைக்கு ஆகாதாம். அதுதான் யோசிக்கிறோம்" என்றேன்.

அப்படி ஒருவரும் வரவில்லை. அவருடைய காலைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன். அந்த அம்மாவும் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அதற்குப் பின் அவர் பேரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பதினைந்துக்கு முடிந்தது. வெளியே வந்ததும் புரோக்கர், "சார், நீங்க என் வேலைக்கு வந்துடலாம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பொய்யை என் மனைவியும் நம்பிவிட்டாள். பரிகாரமாகச் சுற்றுச்சுவரில் மாடம் வைத்து ஒரு பிள்ளையாரை உட்கார வைத்தாள். தினமும் மாலையில் விளக்கேற்றினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு பதினைந்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வருடம் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போய்விட்டுத் திரும்பும்போது, ரயிலில் ஒருவர் கைத்தடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செக்யூரிட்டி சட்டை போட்டிருந்தார். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார்.

"இன்னா சார், ஊடு எப்டிக்குது?"

நன்றாக இருக்கிறது என்றேன். நீங்கள் வீடு வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க சார். இன்னும் அத்திப்பட்டுல வாடகைதான். எத்தினியோ பாத்தாச்சு. எம் பொண்டாட்டி எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கினே வருவா. எவ்ளோக்குக் கேக்கலாம்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டா. நான் புடிச்சது வெளங்காது, நீயே பாத்துக்கோம்பா. நான் பாத்து வெச்சா, வேணாம்பா. இப்போ கும்மிடிப்பூண்டில நான் வேல செய்ற எடத்துக்குப் பக்கத்துலயே ஒண்ணு வந்துக்குது. பாதி வழி வந்தவ, தெரு நேரா ஊட்ல முட்டுதுன்னு அப்டியே திரும்பிட்டா."

அவர் இதைக் கோபமில்லாமல், பழகிப்போன பல்வலியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அத்திப்பட்டில் இறங்கும்போது, "ஊட்ல கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். ரயிலிலேயே அவரிடம் சொல்லிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் என் மனைவியிடம் சொன்னேன். "கெளம்புங்க, நானும் வரேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டில் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுற்றி வளைத்தால் நின்றுவிடுவேன் என்று பயந்து, உட்காரும் முன்பே சொன்னேன்.

"அன்றைக்கு வாஸ்துக்காரர் யாரும் வரவில்லை. விலையைக் குறைக்க நானாகச் சொன்ன பொய் அது."

கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை. "யாரும் வர்லியா?"

"யாரும் வரவில்லை."

"அப்போ இவரு காலு?"

"ரோட்டில் கிடந்த மணல். அவ்வளவுதான்."

"இவரு நொண்டிக்கினு நடக்கற ஒவ்வொரு தபாவும், நான் புடிச்ச மனைதான் இப்டிப் பண்ணிச்சுன்னு…" கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டார். "படிச்ச மனுசன் நீ" என்றார். அதுவரை என்னை நீங்க என்றவர்.

"உடும்மே. அதான் வந்து சொல்றாரு இல்ல" என்றார் கணவர்.

"நீ சும்மா இருய்யா."

"எனக்கே முந்தாநாள்தாங்க சொன்னாரு" என்றாள் என் மனைவி. "பதினஞ்சு வருசமா ஒரு பொய்க்கு வெளக்கேத்திக்கினு இருந்துருக்கேன்."

கணவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அன்று அந்தப் பொய்யால் குறைத்த இரண்டு லட்சத்தையும் இத்தனை வருட வங்கி வட்டியையும் சேர்த்துக் காசோலையாக நீட்டினேன். மறுப்பார்கள், வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. "எங்க டப்புதான, எங்க கைக்கு வர்றதுல இன்னா" என்று வாங்கிக் கணவரிடம் கொடுத்தார். பிறகு கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "அந்தக் கும்மிடிப்பூண்டி ஊட்டப் பாக்கணும். நீயும் வா சார்."

அன்று மத்தியானமே நான்கு பேரும் போனோம். சிப்காட்டுக்குப் பின்னால், புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே ஒரு தெரு, அதன் முடிவில் அந்த வீடு. தெருமுனையில் அந்த அம்மா நின்றார். அவர் நடந்தார். நேராக நடந்து, வாசலுக்குப் போய், உள்ளே நுழைந்துவிட்டார். என் மனைவி பழையபடி என் கையைக் கிள்ளினாள்.

விற்பவர் ஓசூருக்கு வேலை மாற்றிப் போகிற இளைஞர். இருபத்தெட்டு என்றார். நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். "உப்பு" என்றார். ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடின் விரிசலுக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தார். மோட்டாரைப் போடச் சொல்லி, அதன் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். இப்போது ஒரு தொகை வர வேண்டும். பதினைந்து வருடமாக வராதது. என் சொந்த வீட்டுப் பேரத்தில்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

"இருவத்தஞ்சர" என்றார்.

"அம்மா, தெருக்குத்துன்றதாலதான் நானே கொறச்சு சொல்றேன். வேணும்னா அதுக்காக இன்னும் அம்பதாயிரம் கழிச்சுக்கலாம். அவ்ளோ எறங்காதீங்க."

"தெருவுக்கு ஒரு ரூபா கொறைக்க வேணாம். அது காத்து வர்ற வழி. உப்புத் தண்ணிக்குக் கொற, வெடிப்புக்குக் கொற, அந்த மோட்டாரு செத்துக்கினு கெடக்குது, அதுக்குக் கொற. எவனாச்சும் வந்து தெருவக் காட்டி வெலயக் கொறச்சா நம்பாத தம்பி." என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னா சார், நான் சொல்றது?"

"சரிதான்" என்றேன்.

அரை மணி நேரம் மல்லுக்கட்டி இருபத்தாறில் நின்றது. வெற்றிலைபாக்கில் முன்பணத்தை வைத்து அந்த அம்மாவே கொடுத்தார். வெளியே வந்ததும் அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பால் காச்ச நீ கண்டிப்பா வரணும்." என்னிடம், "நீ வராத சார்" என்றார்.

தை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். மனைவி தனியாகப் போய்வந்தாள். அவள் வரும்வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"நல்ல கூட்டம். ஃபேனே போடல. கதவத் தொறந்துதான் வெச்சிருந்தாங்க" என்றாள்.

"என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?"

"அவரு கேட்டாரு. அந்த அம்மா கேக்கல."