புல்லியில் பூசிய சந்தனம்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஒரு மரக் கடைசல் மெஷின் நிற்கிறது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் பதினாறு வருஷம் பர்னிச்சர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு அன்னவாசலுக்குத் திரும்பி வந்த மூன்றாவது மாதம் அதை வாங்கினார். திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் கிடந்தது. அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். இப்போது பிள்ளைகள் எல்லாரும் சென்னையில். வீட்டை ஒதுக்கும்போது, இதை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார்கள். மினி லாரியிலிருந்து இறக்க ஆறு ஆள் தேவைப்பட்டது. "இந்த இரும்பு யானைக்கு யாருங்க தீனி போடுறது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். தையல்காரி நான். நூல் அறுந்தால்கூட யாரையாவது திட்டினால்தான் மறுபடியும் கோக்க வரும்.

ஆனால் அந்த மெஷினில் ஒரு விஷயம் எனக்குப் பார்த்த அன்றே பிடித்துப் போனது. முன்பக்கம் கையளவு ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் மெஷினின் வேகம் கூடும், குறையும். தையல் மெஷினில் காலால் செய்வதை இதில் கையால் செய்கிறார்கள். உள்ளே பெல்ட் ஓடும் புல்லி என்பது எதிரும் புதிருமாக வைத்த இரண்டு தட்டுகள்தான். ஒரு தட்டு நிலையாக நிற்கும், மற்றது தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். தட்டுகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் விளிம்புக்கு ஏறிவிடும், மெஷினில் மாட்டிய கட்டை மெதுவாகச் சுற்றும். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், கட்டை பறக்கிற வேகத்தில் சுற்றும். ஒரே ஒரு விதி உண்டு. மெஷின் ஓடும்போதுதான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். நிற்கும்போது திருப்பினால் ஏதாவது ஒன்று உடையும்.

கட்டில் கால், தொட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடி என்று அவருக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. ஆயுத பூஜைக்கு என் தையல் மெஷினோடு அதற்கும் நான்தான் பூஜை போடுவேன். மூடியைத் திறந்து, எங்கெல்லாம் பளபளவென்று இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவேன். உள்ளே இருப்பதிலேயே பளபளப்பு அந்தத் தண்டும் அதில் நகரும் தட்டும் சேரும் இடம்தான். அங்கே எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன். அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள் கட்டில் கால் ஒன்றை மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டுப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர், சுவிட்சை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். உயிர் தப்பியது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நான் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். இந்தக் கை மறுபடியும் உளி பிடிக்கணும் என்று வேண்டிக்கொண்டு, வழக்கத்தைவிட இரண்டு பங்கு சந்தனம் குழைத்து அப்பினேன். பன்னீரும் தெளித்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தை மாதத்துக்குள் அவர் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். பிசியோதெரபியில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார்கள். அவர் பந்தைப் பிசையாமல் முறைத்துக்கொண்டிருப்பார். வலது கை சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கேட்டது.

மாசியில் ஒரு நாள் காலையில் அவராகவே கொட்டகைக்குப் போய், ஒரு பூவரசங்கட்டையை மாட்டச் சொன்னார். சுவிட்சைப் போட்டதும், மெஷின் ஆவணியில் பாலிஷுக்கு வைத்திருந்த முழு வேகத்திலேயே கிளம்பியது. இடது கையால் சக்கரத்தைத் திருப்பினார். வரவில்லை. நான் இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். அசையவே இல்லை. "பரவால்ல, பாப்போம்" என்று அந்த வேகத்திலேயே உளியை வைத்தார். வைத்த கணத்தில் கட்டை உளியைத் தூக்கி அடித்தது. அது பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது. நான் சுவிட்சை அணைத்தேன்.

அவர் மூடியைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வித்துரு" என்றார்.

"என்னத்தங்க விக்கிறது? வேகத்தக் கொறைச்சா நீங்க கடைவீங்க. கொறைய மாட்டேங்குது, அவ்வளவுதான?"

"வேணாம். காயலான் கடைக்குச் சொல்லி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிரு."

எனக்குப் பயமாகப் போய்விட்டது. மெஷின் போய்விட்டால் அவருக்கு டிவியும் அந்தப் பந்தும்தான் மிச்சம். கை அப்படியே நின்றுவிடும் என்று மனசு சொல்லிற்று. அன்று முதல் புல்லியில் இறுகிக் கிடந்த அந்தத் தட்டை நகர்த்துவதுதான் எனக்கு வேலை.

மழை ஈரம் என்றேன். லோ வோல்டேஜ் என்றேன். எலி மேல்கூடப் பழி போட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊற வைத்தேன். கடைசியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். வீட்டுக்குள்ளிருந்து, விழுந்த நாளிலிருந்து கேட்காத குரலில், "வார்ப்பிரும்புடி, ஒடஞ்சுரும்" என்று கத்தினார். அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விற்கப்போகிற சாமான் உடைந்தால் இவருக்கு என்ன?

அதற்குப் பிறகு அவரே வந்து உட்கார்ந்துகொண்டு, எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்று கை காட்டினார். கழற்றியதையெல்லாம் ஒரு ஜாக்கெட் துணியில் வரிசையாக வைத்துத் தையல் சாக்கட்டியால் நம்பர் போட்டேன். தண்டு புல்லியோடு சேர்ந்து வெளியே வந்தது. சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். "அக்கா, இது என்ன, எளநிக் குலையா?" என்று கண்டக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்.

திருக்கோகர்ணத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஒரு இரும்பு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். எதற்கும் அவசரப்படாத ஆள். "கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இருக்குமே அதேதாங்கா. பெருசா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். கேஸ் நெருப்பைப் பதமாகக் காட்டி, இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். தட்டு ஒரு சத்தத்தோடு விட்டு வந்தது. தட்டின் நடுத்துளைக்குள் முழுக்கக் காவி நிறத்தில் கெட்டியாக ஒரு பூச்சு. துருவும் மரத்தூளும் அதோடு சேர்ந்து இறுகியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அக்கா, சந்தன வாசம் வருது."

நான் சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"குங்குமமும் இருக்கு. மெசினுக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்களா? தண்ணி வேற ஊத்தியிருக்காங்க. யாருக்கா இப்புடிப் பண்ணுனது?"

"பழைய வீட்டுக்காரங்களா இருக்கும்" என்றேன்.

கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாள் நிற்குமாம். என்னுடையது பஸ் அன்னவாசல் வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. மடியில் அந்தத் தண்டு, துடைத்துத் தேய்த்துப் பளபளவென்று, தட்டு விரல் பட்டாலே நகரும்படி இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கை வரவேண்டும் என்று நான் பூசிய சந்தனமே அந்தக் கைக்கு வழியை அடைத்திருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாக்கை இறக்கி வைத்ததும் சொல்லிவிட்டேன். "நான்தாங்க. பூஜைக்கு வச்ச சந்தனம் உள்ள போயி இறுகிப் போச்சு."

"தெரியும்" என்றார்.

"எப்புடித் தெரியும்?"

"வருசா வருசம் நீ வப்ப. மறுநா வெள்ளன எந்திரிச்சு நான் மண்ணெண்ணெத் துணி வச்சுத் தொடச்சுருவேன். இந்தத் தடவ தொடைக்க ஆளில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "பதினோரு வருசமா நான் வச்ச பொட்ட அழிச்சுக்கிட்டா இருந்தீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மாசியிலயாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல. விக்கணும்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

வார்த்தைகள் அப்போதும் அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

"எனக்காக வச்சது" என்றார். "அதப் போயி என்னன்னு சொல்லுறது?"

நான் காப்பி போடப் போய்விட்டேன்.

மறுநாள் சாக்கட்டி நம்பர்படி எல்லாவற்றையும் மாட்டினோம். எனக்குப் பொறுக்கவில்லை. சுவிட்ச் போடுவதற்கு முன்பே சக்கரத்தைத் திருப்பப் போனேன். இடது கையால் என் புறங்கையில் ஒரு அடி வைத்தார். "ஓடட்டும்" என்றார். ஓடவிட்டுத் திருப்பினேன். பெல்ட் மெதுவாக விளிம்புக்கு ஏறியது. மெஷினின் சத்தம் தணிந்து தணிந்து, நான் பட்டுப் பாவாடைக்கு ஓரம் அடிக்கும் வேகத்துக்கு வந்தது. அவர் உளியை வைத்தார். கை யோசித்தது. கட்டை காத்திருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு சதுரக் கட்டையின் நான்கு மூலைகளும் மழுங்கின. அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கே அவர் சட்டை நனைந்துவிட்டது. பந்தை அதற்குப் பிறகு நானும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்த ஆயுத பூஜைக்குள் ஒரு தொட்டிலுக்கு நான்கு காலும் கடைந்துவிட்டார். ஒன்று மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் தடிமன். குடுமியான்மலையிலிருந்து வந்தவர்கள் கவனிக்காமல் வாங்கிப் போனார்கள், அல்லது கவனிக்காத மாதிரி. பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்குப் போனேன். மூடியைத் திறக்கவில்லை. வெளியே, மூடியின் மேலேயே மூன்று பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வந்து வலது கையால் மூடியின் கொக்கியைப் பிடித்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை திறந்தார். உள்ளே தண்டு பளபளவென்று இருந்தது.

"எப்பவும் வக்கிற எடத்துல வையி" என்றார். "காலையில நான் தொடச்சுக்கிறேன்."