சரிவை வெட்டச் சம்மதிக்காத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தவர்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது, கடைசி நாட்களில் அவர் பட்ட வேதனையையும் மறைக்காமல் எழுதுவது என்று குடும்பத்தில் முடிவு செய்தோம்.

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. பெற்றோர் இருவரும் கொழுந்து பறித்தவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட, பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார். தம்பியான என்னைப் படிக்க வைத்தவர் அவரே.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்குக் கிளம்புவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம மலையில மத்தவன்லாம் நிலம் எடுத்துப் பொழைக்கிறான். நம்ம பிள்ளைங்க அங்க போயி செக்யூரிட்டி நிக்குதுங்க" என்பார். குமரன், தேவி, சரவணன் என்ற மூன்று இளைஞர்களின் சேமிப்போடு தம்முடையதையும் சேர்த்து, அதே மலையில் கோலா தெர்லாவில் ஒரு காய்கறி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். "லாபம் வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். நட்டம் வந்தா நாலு பேருக்கும்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் தக்காளி விலை போகவில்லை. எல்லாரும் சோர்ந்திருந்த நேரத்தில் ஒரு வியாபாரி பணம் போட முன்வந்தார். எங்கள் நிலத்தை ஒட்டிய செங்குத்தான சரிவையும் வெட்டிப் பயிரிட வேண்டும் என்றார். அதற்குக் கீழே வங்காளதேசத் தொழிலாளர்களின் கொட்டகை இருந்தது. அக்கா சம்மதிக்கவில்லை.

"சுத்தி எல்லாரும் வெட்டுறாங்க லா, அக்கா. நாம மட்டும் சும்மா இருந்தா எப்ப முன்னேறுறது?" என்றார் குமரன்.

"கீழ ஆளுங்க படுத்திருக்காங்கடா. மழை பெஞ்சா மண்ணு அவங்க மேலதான் விழும்."

"அப்ப என் பங்கக் குடுத்துருங்க."

அக்கா தம் காரை விற்று அவர் பங்கைக் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு காய்கறி லோரியில்தான் நிலத்துக்குப் போய்வந்தார். குமரன் அந்த வியாபாரியோடு சேர்ந்து அதே சரிவை வெட்டினார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஈப்போ மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, அடைமழையில் அந்தச் சரிவு இடிந்து கொட்டகையை மூடியது. குமரனும் மற்றவர்களும் கையால் மண்ணைத் தோண்டி ஆட்களை வெளியே எடுத்தார்கள். பிறகு குமரன் மருத்துவமனைக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"எல்லாரும் உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா. ஒருத்தருக்குக் கால எடுத்துட்டாங்க."

அக்கா அவரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். பிறகு, "காசக் குடுத்து உன்ன அனுப்பிட்டேன். நான் வெட்டலன்னு நிம்மதியா இருந்துட்டேன். உன்ன வெட்ட விடாம சண்டை போட்டிருக்கணும்" என்றார். நாங்கள் சொன்ன ஆறுதல் எதையும் அவர் ஏற்கவில்லை. அந்த மனக்குறையோடுதான் கண்ணை மூடினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியர்க்கும், சிகிச்சைக்கு அழைத்துப்போன லோரிக்கார அண்ணனுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தேவியும் சரவணனும் நிலத்தை இன்னும் விடவில்லை. இந்த ஆண்டும் நட்டம் கையைக் கடிக்கத்தான் செய்தது. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சடங்கன்று குமரன் வீட்டுக்குள் வராமல் சாலையிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். இந்த மலரில் அவருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். அதை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டோம். அவரே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.